ஐப்பசிக் காற்றின் எடை

ஆறு சுங்க முத்திரைகளோடு வந்தது பெட்டி.
உள்ளே பஞ்சு மெத்தையில்
மூன்று கிண்ணம், ஒரு தண்டு.
காற்றளக்கும் கருவி. பழையது.
தண்டிலிருந்த கீறல்கூட
டென்மார்க்கில் எழுதிய பட்டியலில் இருந்தது.

டென்மார்க், நவார்ரா, ஹொக்கைடோ, அப்புறம் நாங்கள்.
ஒரே கருவியை நாலு சுரங்கத்திலும் சுழலவிட வேண்டும்.
கடைசி ஆள் முடிக்கும்வரை
யார் எண்ணையும் யாரும் பார்க்கக் கூடாது.
கடைசி ஆள், காரைக்குடி.

கோட்டையூர் சாலையில் நெல் கிட்டங்கியாக இருந்த கட்டடம்.
சுவர் வெடிப்பில் இன்னும் தவிடு உண்டு.
"ஆடியிலேயே இங்க இலை அசையாது,
இந்த ஊருக்குக் காத்து ஆராய்ச்சி எதுக்கு?"
என்று தினமும் கேட்பார் ஆட்டோ வைரவன்.
காற்று தானாக வீசும் ஊரில்
அதைச் செய்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?
நாங்கள் செய்கிறோம். விசிறி வைத்து, வேண்டிய அளவுக்கு.

மூன்று நாளாய் மழை, நடுநடுவே வெயில்.
விநாடிக்கு நாலு மீட்டரிலிருந்து பதினாறு வரை
ஏற்றினோம், இறக்கினோம், ஜைனம்புவும் நானும்.
இரண்டு தடவை மின்சாரம் போனது.
இரண்டு தடவையும் முதலிலிருந்து.

எண்களைத் திறந்த அன்று
மூன்று நாடும் தோளோடு தோள்.
நாங்கள் மட்டும் தனியே,
நூற்றுக்கு முக்கால் பங்கு கீழே.

இந்தப் பக்கம் புள்ளி என்றால் ஒரு குடித்தனம்,
கோயில் வரி அந்தக் கணக்கில்தான்.
எங்களுக்கோ
புள்ளிக்கு வலப்புறம்தான் மொத்தக் குடித்தனமும்.
முக்கால்தானே என்று சிரிக்காதீர்கள்.
வேகத்தின் மும்மடி அல்லவா மின்சாரம்?
இங்கே முக்கால் வழுக்கினால் அங்கே இரண்டேகால்.
வங்கி கடன் தருமா தராதா என்பது அதில் இருக்கிறது.

"ஒரு பெருக்கியைப் போட்டு ஒட்டிவிடலாமே"
என்றார் துணை இயக்குநர், பாதி விளையாட்டாக.
யாரும் நிமிரவில்லை.
ஐந்தொகையில் ஒரு காசு இடித்தால்
விடியவிடிய விளக்கெரித்த ஊர்.

சுரங்கத்தைப் பிரித்தோம்.
பிட்டோ குழாயருகே ஒரு குளவிக்கூடு,
ஆனால் வெளிப்புறம். நிரபராதி.
இருந்தும் ஜைனம்பு படமெடுத்து அனுப்பினாள்.
நவார்ராவிலிருந்து இனாகி எழுதினான்:
எங்களிடமும் உண்டு, இதைவிடக் கோபக்கார ரகம்.

இங்கெலிஸ் அழைத்தபோது எனக்கு இரவு ஒன்பது.
அவளுக்கு நாலரை, அதற்குள் ஜன்னல் கறுத்திருந்தது.
எண் எதுவும் கேட்கவில்லை.
"இப்போது உங்கள் கூடத்தில் எப்படி இருக்கிறது?"
நாலு நாளாய்த் துணி காயவில்லை என்றேன்.

பேச்சு நின்றது.
விசைப்பலகையின் சத்தம் மட்டும், வெகுதூரத்தில்.

பொதுக் கணக்குத் தாளில்
ஈரப்பதம் என்று ஒரு கட்டம். அதில் பூஜ்யம்.
எந்த வருஷமோ யாரோ இட்டது,
நானாகவும் இருக்கலாம் என்றாள் இங்கெலிஸ்.
குளிர்ந்த கூடங்களில்
அந்தப் பூஜ்யம் யாரையும் உறுத்தவில்லை.

ஈரக் காற்று கனக்கும் என்றுதான்
பட்டயம் வாங்கிய பிறகும் உள்ளுக்குள் நம்பியிருந்தேன்.
தப்பு. நீராவி,
தான் விரட்டிவிட்டு உட்காரும் காற்றைவிட இலேசு.
முதுகில் மூட்டையாய் ஏறும் எங்கள் ஐப்பசி
தராசில் வைத்தால் மேலே போகிறது.

எண்பத்திரண்டு என்று இட்டேன்.
எங்கள் கோடு எழுந்தது.
தங்கள் ஈரத்தை இட்டுக்கொண்ட மற்ற மூன்றும்
மயிரிழை நகர்ந்தன, வண்டியில் இடம் விடுவதுபோல.
ஹொக்கைடோவிலிருந்து ஒரு வரி வந்தது:
ஆகஸ்டில் மறுபடி அளக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டினோம்.
படிவத்தில் "மதிப்பு" என்ற இடத்தில்
ஜைனம்பு நெடுநேரம் பேனாவை வைத்திருந்தாள்,
பிறகு பழைய ரசீதைப் பார்த்து எழுதினாள்.
பட்டியலில் கீறல் ஒன்றுதான், புதிதாக ஏதுமில்லை.
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை
விதிப்படி உள்ளே வைத்தேன்.
வெளியே தூறல். மூடியை அழுத்தும்போது
இந்தக் கிட்டங்கிக் காற்றும் கொஞ்சம்
மாட்டிக்கொண்டிருக்கும்.